மஞ்சள் பட்ட நெற்றி

ரேஸ் ஆபீஸில் வேலை என்றதும் சொந்தக்காரர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டிப்ஸ் கேட்பார்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பது ரிட்டயர் ஆகும்வரை எனக்குத் தெரியவில்லை. எந்தக் குதிரை எது என்பது மட்டும் தெரியும். அதற்குத்தான் சம்பளம்.

அறுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். அபிராமபுரத்திலிருந்து சைக்கிளில் போவேன். பந்தயத்துக்குக் குதிரையின் பெயரைக் கொடுப்பதை என்ட்ரி என்போம். முதல் என்ட்ரியின்போதே அதன் நிறம், வெள்ளைக் குறிகள், சுழிகள் எல்லாவற்றையும் நேரில் பார்த்துக் குறித்துவிடுவேன். பந்தயத்தன்று சேணம் கட்டும் இடமான பேடாக்கில் மறுபடியும் பார்த்து, பொருந்துகிறது என்று நான் சொன்னால்தான் குதிரை ஓடலாம். பொருந்தவில்லை என்றால் குதிரையை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். கொண்டுவந்த டிரெயினரின் லைசென்ஸ் போய்விடும். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவரை லாயத்துப் பக்கம் சேர்க்க மாட்டார்கள்.

பொருந்தவில்லை என்ற அந்தச் சொல் என் வாய்வரைக்கும் வந்தது ஒரே ஒரு தடவைதான்.

டிரெயினர் தாவூத் பாய் ஒரு செஸ்ட்நட் பெண்குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். செஸ்ட்நட் என்பது செங்கல் நிறம். அதன் நெற்றியில் பெரிதாக ஒரு வெள்ளைத் திட்டு, அதாவது ஸ்டார், இருக்க வேண்டும். நானே பார்த்துக் குறித்தது. இப்போது நெற்றி முழுக்கச் செங்கல் நிறம். கழுத்துச் சுழியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பின்னங்கால் வெள்ளையும் சரி. ஸ்டாரை மட்டும் காணோம்.

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குதிரையின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் நிறம் மாறிவிட்டது.

"சார், இது என் குதிரதான். காலைல கூட ஸ்டார் இருந்துச்சு சார். நான் ஜாக்கிய பாக்க அந்தாண்ட போயிருந்தேன். இன்னா ஆச்சுன்னே தெரியல" என்றார்.

குரல் நடுங்கியது. ஆனால் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும்தான் குரல் நடுங்கும். அதை வைத்து ஒருவரை நம்பவும் முடியாது, சந்தேகப்படவும் முடியாது.

எங்கள் மேலதிகாரி குதிரை டாக்டர். மயிலாப்பூர்க்காரர், நல்லவர், பொறுமை மட்டும் கிடையாது. நெற்றியைக் குனிந்து பார்த்தார். சுழி இரண்டு குதிரைக்கு ஒரே மாதிரி அமையலாம், இருக்கிற ஸ்டார் காணாமல் போகாது என்று இங்கிலீஷில் சொன்னார். பந்தயத்துக்கு மணி அடிக்கப் போகிறார்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"என்ட்ரிக்குப் பார்த்தது நீர்தானே? பொருந்தறதா, பொருந்தலையா, ஒண்ணைச் சொல்லும். மேல ஸ்டூவர்டெல்லாம் காத்துண்டிருக்கா" என்றார் டாக்டர். பந்தயத்தில் கடைசித் தீர்ப்பு சொல்பவர்கள்தான் ஸ்டூவர்டுகள்.

பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குதிரையின் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். அப்போதுதான் அந்தச் சிவப்பை அருகில் பார்த்தேன். அது மயிரின் சிவப்பு இல்லை. என் தங்கை கல்யாணத்தில் ஆரத்தித் தட்டில் கலக்கிய சிவப்பு.

"காலையிலேர்ந்து இதைத் தொட்டது யாரு?" என்று கத்தினேன்.

சைஸ், அதாவது குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள், வேலிக்கு வெளியே திரும்பிப் பார்த்தான். அங்கே குதிரையின் ஓனர் நின்றிருந்தார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இது அவருக்கு முதல் குதிரை. கூப்பிட்டதும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நாந்தான் சார். முதமுதல்ல ஓடப்போவுது, வெறும் நெத்தியாவா அனுப்புவாக? மஞ்சள் குழைச்சு நல்லா அப்பி, பொட்டு வச்சு, சூடம் காட்டுனேன்" என்றார்.

மிச்சத்தைச் சைஸ் அழுதுகொண்டே சொன்னான். பந்தயத்தன்று டிரெயினருக்குத் தெரியாமல் குதிரை மேல் எதையும் பூசக் கூடாது. பாய் திட்டுவாரே என்று பயந்து, துணிக்குப் போடும் சோடாவால் தேய்த்துக் கழுவியிருக்கிறான். சுண்ணாம்பு பட்டது போல மஞ்சள் சிவந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்து, ஸ்டார் குதிரையின் நிறத்தோடு கலந்துவிட்டது.

டாக்டர் நம்பவில்லை. கதை நன்றாக இருக்கிறது, நிரூபணம் எங்கே என்றார். புளிப்பு பட்டால் மஞ்சள் திரும்பும் என்று நான் சொன்னேன். அந்த இடத்தில் புளிப்புக்கு எங்கே போவது? அண்ணாச்சி சட்டைப் பையைத் தடவி ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தார். எடுத்தாரே தவிர, கொடுக்கவில்லை.

"அம்மன் காலடியில வச்சதுய்யா. இதப் போயி அறுக்கவா?"

பாய் அவரைப் பார்த்தார். அண்ணாச்சி பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டாக்டர் கையில் கொடுத்துவிட்டார்.

டாக்டரே தன் கத்தியால் அறுத்துப் பிழிந்து, கண்ணில் படாமல் பஞ்சால் துடைத்தார். சிவப்பு இளகி மஞ்சளானது. மஞ்சளில் ஸ்டார் தெரிந்தது. அதே அளவு, அதே இடம், ஓரத்தில் அதே சின்ன வளைவு. "பொருந்துகிறது" என்றேன். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

குதிரை அன்று ஓடவில்லை. மேலே எதையோ பூசிய குதிரையை ஓடவிட ரூலில் இடமில்லை, விட்ரா செய்து பந்தயத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பாய்க்குக் கண்டிப்பு மட்டும். லைசென்ஸ் பிழைத்தது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். குறி பொருந்தவில்லை என்றால் உடனே வாயைத் திறக்காதீர்கள். யார் தொட்டது என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்வி எந்த ரூல் புத்தகத்திலும் கிடையாது. நான் ரிட்டயர் ஆகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை அதே குதிரை வந்தபோது கேட்கவே தேவைப்படவில்லை. ஸ்டார் ஓரத்தில் பழைய மஞ்சள் மட்டும் போகாமல் லேசாக ஒட்டியிருந்தது. பாய் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அண்ணாச்சி, கடையில் களவு கொடுத்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தொட்டேன், சைஸ் தொட்டான். அவரு தொடல சார், நல்லா பாத்துக்க" என்றார் பாய்.