புஷ்பராணி டீச்சரின் நாற்காலி

ஹட்டன் பஸ்ஸில் இருந்தபோது டீச்சரின் கணவர் மாரிமுத்து அண்ணனின் அழைப்பு வந்தது. "சார், டீச்சர் போயிட்டாங்க" என்றார்.

புஷ்பராணி டீச்சரிடம் கணிதம் படித்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கும். பதினோரு வருடம் அவருடன் பணியாற்றிய எனக்கோ, அவர் பாட்டுக் கேட்கும் விதம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஒருமுறை மாரிமுத்து அண்ணனுடன் என் குவாட்டர்ஸுக்கு வந்தார். இரண்டு ஸ்பீக்கர்களையும் அலுமாரியின் மேல், சுவர் மூலையில் வைத்திருந்தேன். பாட்டு முழுவதும் ஒரே உறுமல். "மூலையில வச்சா சுவரும் சேந்து பாடும் சார். கீழ எறக்கி முன்னுக்கு இழுங்க" என்றார் டீச்சர். ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில் இரண்டு ஸ்டூல்களில் வைத்து, என் நாற்காலி இரண்டுக்கும் சம தூரத்தில் இருக்கும்படி டேப்பால் அளந்தார். வெறும் சுவரில் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டார். பிறகு கண்ணை மூடச் சொன்னார். ஸ்பீக்கரே இல்லாத நடுவிலிருந்து பாடகியின் குரல் வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் டீச்சரின் காதுக்குப் பின்னால் கட்டி வந்தது. கண்டியில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வலது காது கேட்காமல் போயிற்று.

அவர் வீடு திரும்பிய பின், ஒரு ஞாயிறு முழுவதும் அண்ணனும் நானும் அவருடைய ஸ்பீக்கர்களை நகர்த்திக்கொண்டே இருந்தோம். கட்டிலை இடம் மாற்றினோம். திரைச்சீலையைக் கழற்றினோம், மறுபடி மாட்டினோம். டீச்சர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இல்லையென்று தலையசைத்தார்.

"எல்லாம் ஒரே பக்கம்தான் வந்து விழுது. ரூமுனா திருத்திரலாம் சார். இத ஒண்ணும் செய்ய ஏலாது."

அண்ணன் ஸ்பீக்கரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் எழுந்து தன் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டார்.

"நடுவுல வருதா?"

"வருது டீச்சர்."

"நல்லா வருதா?"

"நல்லா வருது."

போன மாதம் கட்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை டாக்டர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாட்டின் நேரம்தான். அது முடியும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் எதிரில் நின்றிருந்தார்.