இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று

விச்சு சார் இறந்துபோன செய்தி கொச்சியில் வெலிங்டன் தீவின் படகுத் துறை வரிசையில் நிற்கும்போது எனக்கு வந்தது. அவர் வேலை பார்த்த தேயிலைத் தரகுக் கம்பெனியின் பழைய பியூன் வர்கீஸ் என் தோளைத் தொட்டு, "அறிஞ்சில்லே? நம்ம விச்சு சார் இன்னிக்குக் காலையில மரிச்சுபோயி" என்றான்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டாரே, இனி யாரிடம் போய்க் கேட்பேன் என்று தோன்றியது. படகு வந்தது. ஏறாமல் நின்றேன். அடுத்ததில் ஏறி மட்டாஞ்சேரியில் இறங்கி, பல வருஷம் மிதிக்காத அவர் வீட்டு மாடிப்படியில் ஏறினேன். துக்கம் கேட்கப் போகிறேனா, சண்டை போடப் போகிறேனா என்று எனக்கே புரியவில்லை.

அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து டேப் கேட்ட பழைய நண்பர்களான நீங்கள் இன்று பம்பாயிலும் துபாயிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விஸ்வநாதன் என்கிற விச்சு சார் பாலக்காட்டுக்காரர். தேயிலை ருசி பார்ப்பது அவர் வேலை. ஏலத்துக்கு முன்னால் வரிசையாக வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சி, துப்பி, இது இன்ன தரம் என்று சொல்ல வேண்டும். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஆம்ப்ளிஃபையர், டேப்பின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி. வால்வு செட்டுகள் பரணுக்குப் போய், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் வந்துகொண்டிருந்த எழுபதுகள் அவை. கப்பல்காரர்கள் வழியாக உயர்ந்த ரகப் பெட்டி ஒன்று ஊருக்குள் வந்தால், அதை வாங்கலாமா என்பது கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குக்கு மேலிருந்த அவர் வீட்டு மாடியில்தான் முடிவாகும். நான் துறைமுகத்தில் எலக்ட்ரிகல் பிரிவில் இருந்தேன். என் அப்பா நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. முதல் நாள் வாசலில் தயங்கி நின்றபோது, "காது இருக்கோ ஓய்? அப்ப உள்ள வாரும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை.

பெட்டிகளுக்குப் பரீட்சை எப்போதும் காலையில்தான். சாயங்காலமானால் ஊர் முழுக்க விளக்குப் போட்டு வோல்டேஜ் விழுந்துவிடும். பெட்டிகளை மறைத்து, சாரின் மனைவி பார்வதி மாமியின் பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கும். திரைக்குப் பின்னால் வயர்களை மாற்றுவது மாமி. தேயிலை ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ருசி பார்ப்பவரையே சோதிக்க, ஒரே தேயிலையை வரிசையில் இரண்டு இடத்தில் சொல்லாமல் வைப்பார்கள். அதையே இங்கேயும் செய்யச் சொல்லியிருந்தார். குஜராத்தி மிளகு வியாபாரி ஜெயந்தி பாய் ஒருநாள் முதல் பெட்டியைத் தேவலோகம் என்றும் மூன்றாவதைத் தகர டப்பா என்றும் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று திரைக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. ஜெயந்தி பாய் இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

கேட்பதற்கு முன்னால் எல்லாப் பெட்டிகளின் ஒலியும் ஒரே அளவில் இருக்கிறதா என்று என் மீட்டரால் அளந்தாக வேண்டும். "சத்தம் கூடினா எல்லாம் நன்னாத்தான் தோணும் ஓய். மொதல்ல அளவு சரியாக்கும், அப்பறம் அபிப்ராயம் சொல்லும்" என்பார். போடுவது வீணை டேப். நாங்கள் மீட்டலைக் கேட்போம், அவர் மீட்டிய ஒலி தேய்ந்து மறையும் இடத்தைக் கேட்பார். மட்டமான டிரான்சிஸ்டர் பெட்டிகளில் அந்த இடத்தில் மணலை மிதித்தது போல ஒரு கரகரப்பு எழும். "தொடங்கறது எல்லாப் பெட்டிக்கும் வரும். நிக்கறது எப்படின்னு கேளும்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். சில நாள் தேயிலைப் பாஷை வந்துவிடும். "நிறம் உண்டு, துடிப்பு இல்லே" என்று ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டார். அதன் சொந்தக்காரர் எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்கும் புரியவில்லை.

அந்த மாடியில் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. நானே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தேன். வீட்டில் கேட்டவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு என்று எனக்கே சந்தேகம். ஜெயந்தி பாய்க்குச் சந்தேகமே இல்லை, நன்றாக இருக்கிறது என்று சார் சொன்னால் போதும் அவருக்கு. "டீ டேஸ்டர் கொள்ளாம்னு பறஞ்சா மதி முருகேசா. நீ ஜோலியை விடு, நம்ம ஒரு கம்பெனி தொடங்கலாம்" என்றார். என் மனைவியும், "உங்க சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் தடுக்க மாட்டேன்" என்றாள். ஆக, என் பிழைப்பு முழுவதும் அவர் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் வந்து நின்றது. அது அவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஜப்பான் பெட்டிக்கு எதிராக என்னுடையதை வைத்தோம். மாமி மாற்றி மாற்றிப் போட, நான்கு தடவை கேட்டுவிட்டு, "மூணாவது கேட்டதுதான் நன்னாருக்கு" என்றார். "அது முருகேசனோடது" என்றாள் மாமி. ஜெயந்தி பாய் கைதட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சார் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயிறு ஒருக்கல் கூடி கேக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்டார். "ரெண்டாவது" என்றார். மாமி கொஞ்சம் தயங்கி, "அது ஜப்பான்" என்றாள்.

"சார், ஒண்ணு தீர்த்துச் சொல்லுங்க. எது நல்லது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியல்லே ஓய்."

"தெரியலைன்னா எப்படி சார்? உங்களுக்கே தெரியலைன்னா?"

"தெரியல்லேன்னா தெரியல்லே. உம்ம பெட்டி இங்க இருக்கட்டே. கேட்டுப் பாத்துச் சொல்றேன்."

சொல்லவில்லை. ஜெயந்தி பாய் மனம் மாறி மிளகோடு நின்றுகொண்டார். நான் துறைமுகத்திலேயே இருந்தேன். சாரைக் குன்னூருக்கு மாற்றினார்கள். இரண்டு பெட்டிகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஓய்வு பெற்று அதே வீட்டுக்குத் திரும்பிய பிறகு படகுத் துறையில் அடிக்கடி பார்ப்போம், சேர்ந்து சாயா குடிப்போம், ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். பெட்டிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாடிக்கு வரச் சொல்வார், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். என்னைக் காப்பாற்றத்தான் வாயைக் கட்டிக்கொண்டாரா? வேலையை விட்டு நான் கெட்டுப்போகக்கூடாது என்று இரண்டாவது ஞாயிறு வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாரா? இல்லை, முதல் ஞாயிறு சொன்னதுதான் இரக்கத்தில் வந்த பொய்யா? வேலைக்குப் போகும் படகில் நான் நினைக்காத கோணம் இல்லை. ஒருநாள் அவர் நல்லவராகத் தெரிவார், மறுநாள் துரோகியாகத் தெரிவார்.

பதின்மூன்றாம் நாள் கழிந்த பிறகு மாமி ஆள் அனுப்பினாள். "அலமாரியில இருக்கறது உங்க பெட்டியாக்கும். கொண்டுபோங்கோ" என்றாள். அலமாரியைத் திறந்தால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெட்டிகள். மாமி சுவிட்சைப் போட்டாள், இரண்டிலும் விளக்கு எரிந்தது.

"ரெண்டு எதுக்கு மாமி? ரெண்டு ஸ்பீக்கருக்கும் ஒரு பெட்டியே போதுமே."

"எனக்கென்ன தெரியும்? இந்தப் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒண்ணு, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. குன்னூர்லேர்ந்தே அப்படித்தான். சத்தம் கொறையுங்கோன்னா எழுந்து வந்து ரெண்டு கையாலயும் ஒண்ணா திருகுவார். ஏன் இந்த அவஸ்தைன்னு கேட்டா, 'இன்னும் தீர்மானம் ஆகல்லே'ம்பார்."

இரண்டு பக்கமும் ஒலி ஒரே அளவில் இருக்க, இரண்டு குமிழ்களின் பக்கத்திலும் சார் தன் மகளின் நகப்பூச்சால் புள்ளிகள் வைத்திருந்தார். நான் வீணை டேப்பைப் போட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கையால் ஒவ்வொரு இணைப்பாகப் பற்றவைத்த பெட்டி. எந்தப் பக்கம் பாடுகிறது என்று எனக்குத் தெரியாதா? கண்ணை மூடி, ஒலி தேயும் இடத்தைக் கேட்டேன். இடப்பக்கம்தான் என்னுடையது என்று சத்தியம் செய்திருப்பேன். எழுந்துபோய்ப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். என்னுடையது வலப்பக்கம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பெற்றவனுக்கே அடையாளம் தெரியாததை அவரிடம் தீர்த்துச் சொல்லச் சொல்லி, இத்தனை வருஷம் மனசுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாமலே, கடைசி நாள் வரைக்கும் என்னுடையதை ஒரு காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இது பாராட்டா என்று என்னைக் கேட்காதீர்கள். வேலையை விட்டிருக்க வேண்டுமா என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெட்டியை நான் எடுத்துவரவில்லை. எடுத்தால் ஒரு பக்கம் ஊமையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொச்சங்காடிக்குப் போய் அந்த டேப்பைப் போடுகிறேன். மாமி சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். எழுந்துபோய் இரண்டு கையாலும் ஒன்றாகத் திருகுகிறேன். அவரிடமிருந்து எனக்கென்று வந்த பழக்கம் அது ஒன்றுதான்.