பீங்கானின் அடிப்பக்கம்

பீங்கான் கடையில் நிற்பவனுக்கு உடைக்காத கை மட்டும் போதாது, பொய்க்குக் கூசாத வாயும் வேண்டும். கடையில் நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு கடையில் எனக்கு வேலை. என் பெர்மெஸோவை, அதாவது அந்த நாட்டில் இருக்கும் அனுமதியை, புதுப்பிக்கும் போதெல்லாம் முதலாளியின் கையெழுத்து வேண்டும். இலங்கையில் சண்டை நடக்கும் மன்னாருக்குத் திரும்பிப் போக முடியாதவன் அந்தக் கையெழுத்துக்காக எதையும் செய்வான். நானும் செய்தேன்.

நகம் தேய்ந்த கதை

துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பீங்கான் தட்டின் அடியிலும் இருக்கும் 'மேட் இன் சைனா' ஸ்டிக்கரை உரிப்பதுதான் என் முதல் வேலை. சுடுதண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் சுரண்டி, பசை போகும்வரை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். அதன்பிறகு அது சிசிலிப் பீங்கான்.

எங்கள் ஊரில் பாதிரியார் சாப்பிட வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் பீங்கான் சீனத்துப் பீங்கான்தான் என்று ஒருநாள் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சீனாக்காரனுக்குச் சைக்கிள் ஓடத்தான் தெரியும். அவனுக்குப் பீங்கானைப் பற்றி என்ன தெரியும்?"

சேனாவும் சீனாவும்

இத்தாலிய மொழியில் இரவுச் சாப்பாட்டுக்கு 'சேனா' என்று பெயர். பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாப் பக்கத்து வயதான பெண்களின் வாயில் அது 'சீனா' என்றே வரும். எனக்கு அது அப்போது தெரியாது.

கல்யாணப் பரிசு வாங்க வந்த ஒரு சிஞ்ஞோரா பெரிய பீங்கான் ஒன்றைத் தூக்கி, "இது சீனாவுக்கோ?" என்று கேட்டார். "ஐயோ, சத்தியமாய் இல்லை சிஞ்ஞோரா! சீனாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!" என்று கத்திவிட்டேன். முதலாளியின் முகம் கறுத்தது. அடுத்த மாதம்தான் அவர் எனக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சிஞ்ஞோரா பீங்கானை மெல்ல வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இதிலை மத்தியானம் மட்டும்தான் சாப்பிடலாமோ?"

கொடி

ஹொங்கொங்கை ஆங்கிலேயர் சீனாவிடம் திருப்பிக் கொடுத்ததை ஒரு பின்னேரம் கடை டிவியில் பார்த்தோம். அங்கே மழை. ஒரு கொடி இறங்க மற்றது ஏறியது. என் மடியில் இன்னும் உரிக்காத பீங்கான்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பெயரைச் சுரண்டி எறிவதற்கு ஒரு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பெயரைச் சுரண்டும் சிரமத்தை நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. கை நின்றுபோனதை முதலாளி கண்டுவிட்டார். "அது ஹொங்கொங். இது பலேர்மோ. நீ உரி."

எதிர்க்கடை

அடுத்த வருடம் நேர் எதிரே ஒரு சீனர் கடை திறந்தார். அதே பீங்கான், அடியில் ஸ்டிக்கரோடு, பாதி விலைக்கு. ஊரே அங்கே போனது. நத்தார் பண்டிகைக்கு முன்னரே எங்கள் கடை பூட்டப்பட்டது. கையெழுத்துக் கேட்டு வீட்டுக்குப் போனபோது, முதலாளி கதவைப் பாதி சாத்திக்கொண்டு சொன்னார்: "உங்கடை ஆக்கள்தானே என்னை முடிச்சது? அவங்களிட்டைப் போய்க் கேள்."

போனேன். பொலிசாரின் குவெஸ்தூராவில் கடதாசி கொடுக்கப் பத்து நாள்தான் மிச்சம். சீனருக்கு என் வயதிருக்கும், மரியாதையான மனிதர். எதிர்க்கடையில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். பொய் சொல்லிச் சலித்திருந்ததால் உள்ளதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த பீங்கானைத் திருப்பி, ஓரம் கிளம்பியிருந்த ஸ்டிக்கரைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார். "இஞ்சை அந்த வேலை இல்லை."

பழம்பெரும் நாகரிகம் ஒன்று உலக வல்லரசாய் எழுந்து நின்றதை அவ்வளவு கிட்ட இருந்து பார்த்தவன் நான். பார்த்து முடிந்தபோது எனக்குத்தான் இருக்க இடமில்லாமல் போனது.