டேங்க் மூடியில் வெச்ச பொட்டு

எங்க மாமா வேணு, அதாவது எங்கக்கா வடிவோட வூட்டுக்காரரு, பம்ப்செட்டு மெக்கானிக்கு. ஒலக்கூர சுத்தி எந்தக் கெணத்துல மோட்டார் மக்கர் பண்ணாலும் அவருக்குத்தான் போன் வரும். கை வெச்சாருன்னா ஓடிடும். ஆனா கை வெக்கறதுக்கு முன்னாடி டீ குடிக்கணும், வர்றவன் போறவனோட ஊர்க்கதை பேசணும். நான் ராம்கி, திண்டிவனத்துல ஷேர் ஆட்டோ ஓட்றவன். எதுவா இருந்தாலும் எனக்கு ஜல்தியா நடக்கணும். அந்த மனுசனோட பத்து நிமிசம் நின்னா எனக்கு பி.பி. ஏறிடும்.

மார்கழியில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வெதச்ச கையோட அக்கா கெணத்து மேட்டுல வழுக்கி வுழுந்துச்சி. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில மூட்டுக்கு ஆபரேஷன் பண்ணி நல்லபடியா நடக்க வெச்சிட்டாங்க. ஆனா இன்னும் கொஞ்ச காலத்துக்கு மூட்ட மடக்கக் கூடாது, தரையில ஒக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அங்கதான் பேஜாரு புடிச்சிச்சி. எங்க பக்கம் மல்லாட்டை புடுங்கற அன்னிக்கு வயலோட வடகெழக்கு சனி மூலையில கற்பூரம் ஏத்தி, வூட்டுப் பொம்பள மொதச் செடிய புடுங்கணும். அப்புறம்தான் ஆளுங்க வயல்ல எறங்குவாங்க. கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து அந்த மொதச் செடிய எங்கக்காதான் புடுங்கிக்கினு வருது. இந்த வாட்டி, "முனியம்மாளையே புடுங்கச் சொல்லுய்யா, நான் வரல"ன்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சி. முனியம்மா ஆளுங்கள கூட்டிக்கினு வர்ற கொத்துக்காரி. சாப்பாட்டுல உப்பு இல்லன்னா கூட ஊரையே கூட்டற எங்கக்கா, ரெண்டு மாசமா யாரையும் ஒரு வார்த்தை திட்டல. எனக்கு அது நல்லாவே படல.

மாமா மறுநாளே காயலான் கடையிலேர்ந்து ஒரு செத்த ஆட்டோவ வாங்கியாந்து வாசல்ல போட்டாரு. இரும்பு பைப்ப வெல்டு வெச்சி ஒரு சட்டம் அடிச்சி, நாலு சக்கரம் மாட்டி, பின்னால அந்த ஆட்டோ எஞ்சின ஏத்தி, கார் பண்றேன்னு ஆரம்பிச்சிட்டாரு.

"இன்னா மாமா, என் ஆட்டோவுல ஏத்திக்கினு போனா ஆவாதா?"

"உன் ஆட்டோவுல ஒக்காந்தா கை தரைக்கு எட்டுமாடா?"

அப்பத்தான் எனக்கு வெவரமே புரிஞ்சிச்சி. கதவு கெடையாது, சீட்டு தரையோட தரையா, கால நீட்டிக்கினு ஒக்கார்றாப்ல இருக்கும். அக்கா ஒக்காந்த எடத்துலேர்ந்தே கைய நீட்டி செடிய புடுங்கணும். அதுக்குத்தான் இம்மாம் பெரிய கூத்து.

அதனாலதான் டேங்குக்கு எடம் இல்லாம போச்சி. சீட்டுக்கு அடியில வெச்சா சீட்டு ஒசந்துடும். ஒரு பழைய பைக் டேங்க எடுத்து முதுகுப் பக்கம் ஒசரமா கட்னாரு, பெட்ரோல் தானா எறங்கி எஞ்சினுக்கு வரட்டும்னு. பெட்ரோல் எறங்க எறங்க அந்த எடத்துக்குக் காத்து போவணும், இல்லன்னா எறங்காது. காத்துக்குன்னு மொதல்ல ஒரு டியூப் வெச்சாரு. அதோட வாயி அக்கா பொடனிக்கு நேரா வந்துச்சி. ஒக்காந்து பாத்த அக்கா நாத்தம் தாங்காம வாந்தி எடுத்துடுச்சி. அந்த டியூப்ப அடைச்சிட்டு, மூடியில ஊசி மொனை அளவுக்கு ஓட்டை போட்டாரு. அதுக்கு மூணு நாளு. நான் தலையில அடிச்சிக்கினேன்.

பங்குனியில அறுவடை நாள் வந்துச்சி. காலையில வண்டிக்குப் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, சட்டத்துக்கெல்லாம் அக்கா சந்தனம் குங்குமம் வெச்சிச்சி. கடைசியா டேங்க் மூடிகிட்ட போயி, "இதானேய்யா இதுக்கு வயிறு, இதுக்கும் வெக்கணும்"னு சொல்லி கொழகொழன்னு ஒரு பெரிய பொட்டா வெச்சிச்சி. மாமா வாயத் தொறந்தாரு, அப்புறம் மூடிக்கினாரு.

ஏரிக்கரை வழியா கெளம்பினோம். மாமா ஓட்றாரு, அக்கா பக்கத்துல, நான் பின்னால தொத்திக்கினு போறேன். கொஞ்ச தூரம் போச்சி, லொக்கு லொக்குன்னு இருமி நின்னுடுச்சி. மாமா எறங்கினாரு, மூடியத் தொறந்தாரு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், மூடினாரு. வண்டி ஓடுச்சி. மறுபடியும் கொஞ்ச தூரம், மறுபடியும் இருமல், மறுபடியும் புஸ்ஸு. வெயில் ஏறுது. அங்க ஆளுங்க வந்து காத்துக்கினு இருப்பாங்க.

"உடுய்யா, முனியம்மா ஆரம்பிச்சிருப்பா. வூட்டுக்குத் திருப்பு"ன்னு அக்கா மெதுவா சொல்லிச்சி.

எனக்கு வந்துச்சே கோவம். அடுத்த வாட்டி நின்னப்போ நானே குதிச்சி டேங்க் மூடியப் பாத்தேன். சந்தனம் காஞ்சி கல்லாட்டம் ஓட்டைய அடைச்சிக்கினு கெடக்கு. காத்து போவ வழியே இல்ல. தொடைக்கலாம்னு கை வெச்சா, மாமா என் மணிக்கட்ட புடிச்சிட்டாரு.

"உனக்குத் தெரியுமா மாமா?"

"மொத தடவ நின்னப்பவே தெரியும். உங்கக்கா வெச்ச பொட்டுடா. நல்ல நாளும் அதுவுமா அத என் கையால அழிப்பனா? நீயும் கை வெக்காத."

"இன்னாய்யா அங்க குசுகுசுன்னு?" அக்கா கேட்டுச்சி.

எனக்கு மறைக்கத் தெரியாது, போட்டு ஒடைச்சிட்டேன். அக்கா மாமா பக்கம் திரும்பி, "அட கூறுகெட்ட மனுசா, அந்த மூடிய இப்படி குடு"ன்னு வாங்கி, சந்தனத்த நகத்தால நோண்டி எடுத்து, எச்சி தொட்டுக் கொழச்சி, மாமா நெத்தியில வெச்சிச்சி.

"அழிக்கலய்யா. எடம் மாத்திட்டேன். இப்ப ஓட்டு."

நெத்தியில பெட்ரோல் நாத்தத்தோட மாமா ஓட்னாரு. வண்டி அப்புறம் நிக்கவே இல்ல.

வயல்ல ஒரு செடி கூட புடுங்கல. பொம்பளைங்க எல்லாம் வரப்புல வரிசையா ஒக்காந்துக்கினு இருந்தாங்க. "நீ சொன்னா ஆச்சாக்கா? நீ இல்லாம நான் எப்படி கை வெக்கிறது?"ன்னு முனியம்மா அக்காவையே திருப்பிக் கேட்டுச்சி.

சனி மூலையில வண்டிய ஒட்டி நிறுத்தி, கற்பூரம் ஏத்தினோம். அக்கா சீட்டுலேர்ந்து கைய நீட்டிச்சி. எட்டல. வாசல்ல சமமான தரையில அளந்த மாமா, வரப்பு மேல சக்கரம் ஏறும்னு யோசிக்கல. நாலு விரக்கட கொறையுது. அக்கா இன்னும் சாஞ்சி பாத்துச்சி, மூட்டு வலியில மொகம் சுருங்கிச்சி. கைய இழுத்து மடியில வெச்சிக்கிச்சி. "போதும்யா. முனியம்மாவே புடுங்கட்டும்."

மாமா அக்கா பக்கத்து சக்கரத்துகிட்ட மண்டி போட்டு, ஒரு குச்சிய எடுத்து வால்வ அமுக்கினாரு. காத்து சீறிக்கினு போவுது, வண்டி அக்காவோட மெல்ல சாயுது. முன் சக்கரம் முடிஞ்சி பின் சக்கரம். அக்கா விரல் செடியத் தொட்டுச்சி, அப்புறம் கொத்தா புடிச்சிச்சி.

செடி மண்ணோட வந்துச்சி. காயெல்லாம் நல்லா பெருத்து கொத்து கொத்தா தொங்குது. அக்கா அத மடியில போட்டுக்கினு அழுதுச்சி, எனக்கும் அழுகை வந்துடுச்சி.

காத்து இல்லாத வண்டி பொழுது சாயற வரைக்கும் அந்த மூலையிலேயே கெடந்துச்சி. அக்காவும் எறங்கல.

"ஏ முனியம்மா, அங்க பாதி காய் மண்ணுல நிக்குது பாரு. டேய் ராம்கி, மாமனும் மச்சானும் சக்கரத்தயே பாத்துக்கினு நின்னா வேல ஆவுமா? போயி கூடைய எடுங்கடா."

மாமா கூடைய எடுக்க ஓடினாரு. நானும் பின்னாலயே ஓடினேன்.