பெயர் சொல்லித் தட்டிய பந்து

கடல் ஏறி வந்துபோன பிறகு நாங்கள் வெட்டிய முதல் வெள்ளாமை அது. வயல் வட்டை முழுக்க அறுத்த தாள் காய்ந்து கிடந்தது. சூறாவளி வருசம் அதே வட்டையில் ஒரு கதிர்கூட நிமிரவில்லை, அது வேறு கதை. கடற்கரையை விட்டு வந்த சனத்துக்கு வவுணதீவுப் பக்கம், எங்கள் வட்டைக்குக் கிட்ட, கூடாரம் அடித்திருந்தார்கள்.

நான் உழவு மெசின் ஓட்டுகிறவன். இளவயதில் நன்றாகப் பந்தடித்தேன் என்பதால், பின்னேரங்களில் அந்த வட்டையில் பொடியன்களைப் பழக்கச் சொன்னார்கள். பழக்கிப் பார்த்தால், கூடாரத்துப் பொடியன் கூடாரத்துப் பொடியனுக்குத்தான் பந்து கொடுக்கிறான். எங்கள் ஊர்க்காரன் ஊர்க்காரனுக்கு. எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை, புதுப் பெயர்களை எழுதி வைக்கவும் வழியில்லை. அதனால் வட்டமாக நிறுத்தி ஒரு சட்டம் போட்டேன். யாருக்குப் பந்தோ, அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்ட பிறகுதான் உட்பாதத்தால் தட்ட வேண்டும். பெயர் பிழைத்தால் வரம்பைச் சுற்றி ஓட்டம். ஒரு கிழமையில் எல்லாருக்கும் எல்லார் பெயரும் வந்துவிட்டது.

அடுத்த கிழமை வரம்பில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. இரண்டு பேர். மூன்றாம் நாள் ஒருவன் என்னிடம் வந்தான்.

"நல்லாப் பழக்கிறீங்க அண்ணன். அந்த இடக்கால்காரன் கெட்டிக்காரன். தாயக் கடல் கொண்டு போன பொடியன்தானே?"

பெயரையும் சொன்னான். பிழையில்லாமல் சொன்னான்.

சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. தாய்மார் சந்தையில்கூடப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே நான் வெட்டவெளியில் பெயர்களைக் கத்த வைத்திருக்கிறேன்.

மறுநாள் சொன்னேன்: "இனிப் பேர் வேணாம் மனே. கண்ணப் பார்த்துக் குடுங்க."

"என்ன மாமா, ஊமப் பந்தா?" கோலுக்கு நிற்கிறவன் கேட்டான். "மாமாக்கு நம்மட பேரெல்லாம் மறந்து போயிற்றுகா!"

எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில், பழக்கதோசத்தில், அவனே இடக்கால்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்தைத் தட்டினான். இடக்கால்காரன் சத்தம் வந்த பக்கம் கிறுகினான். வரம்பில் நின்ற இரண்டு பேரும் கிறுகினார்கள்.

அப்போதே கூடாரத்துக்குப் போய் இடக்கால்காரனுடைய சின்னம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பயம். டீசல் எடுக்க வேண்டும் என்று மெசினைக் கிளப்பினேன். கோல்காரனும் ஏறிக்கொண்டான். நாங்கள் திரும்பி வரும்போது கூடாரத்தடியில் அழுகுரல்.

"வெளியால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க," என்றா சின்னம்மா. "கூட விளையாடுற பொடியன் எண்டு நினைச்சு, சோத்துக் கையோட ஓடினான்." கோல்காரனைக் கண்டதும் பாய்ந்தா. "உன்ட குரல்தான்டா அது! நீதான் காட்டிக் குடுத்தாய்!"

அவன் என் முகத்தைப் பார்த்தான். என்னோடுதான் இருந்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர்களுக்குப் பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்பா. நான் வாய் திறக்கவில்லை.

சண்டை முடிந்து சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இடக்கால்காரன் வரவில்லை. சின்னம்மா இப்போது மண்டூரில் இருக்கிறா. கோல்காரன் பிள்ளைகுட்டிக்காரன், ஆனால் மண்டூர்க் கோயிலுக்கு மட்டும் போக மாட்டான். எனக்குக் கால் வழங்கவில்லை, அவ்வளவு தூரம் போக முடியாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவவிடம் சொல்லிவிடுங்கள்: அந்தக் கோல்காரப் பொடியனில் ஒரு பிழையும் இல்லை, பெயரைக் கத்தச் சொன்னவன் நான்.