நுவரெலியாவுக்குக் கட்டிய மூட்டை

நாங்கள் நுவரெலியாவுக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, "பிறகாவது போனீங்களா?" என்று யாரும் என்னைக் கேட்கக்கூடாது. போக வைத்திருந்த மோட்டார் சைக்கிளும் பிறகு கைமாறிப் போய்விட்டது. ஆனால் நடக்காத அந்தப் பயணத்துக்கு ஆயத்தம் செய்ததுபோல என் வாழ்க்கையில் வேறெதற்கும் நான் ஆயத்தம் செய்ததில்லை. என் கோபம் அதில்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. என் கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக வேலை செய்தார். இழுவைப் படகுகளின் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுவது தொழில். கல்யாணமாகிச் சில வருஷங்களுக்குள் இரண்டு தடவை எனக்கு வயிற்றில் தங்கி, இரண்டும் நிலைக்காமல் போயின. முதல் தடவை நான் பூப்போட்ட துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்து வைத்திருந்தேன். பிள்ளை போனதும் மாமி அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். "பிறக்க முந்தியே உடுப்புத் தைச்சால் அது எப்பிடி நிக்கும், சொல்லு பாப்பம்?" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒன்றும் வாங்கி வைப்பதில்லை. ஆசைப்பட்டு எடுத்து வைத்தால் கண்ணூறு பட்டுவிடும் என்பார்கள். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. இரண்டாவது தடவை நான் ஊசியையே தொடவில்லை. அதுவும் போயிற்று. அது ஏன் போனது என்பதற்கு மாமியிடம் விளக்கம் இருக்கவில்லை. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் கதைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவர் வேலையால் வருவார், சாப்பிடுவார், முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெறுமனே இருப்பார். நான் குசினியில் அடுப்போடு இருப்பேன். ஒரு தை மாதம், மழை விட்ட கையோடு, அவர் அந்த வண்டியைக் கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெளிநாட்டு இஞ்சினியர் விற்றது. சாதாரண மோட்டார் சைக்கிள் இல்லை, ரேஸ் ஓடுகிற சாதி. ஹாண்டில் தாழ்ந்து, பெற்றோல் தாங்கி நீண்டு, ஓட்டுகிறவர் அதன்மேல் கவிழ்ந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் ஒரு துண்டு மெத்தை. அதில் ஒரு மனுசர் இருக்கலாம் என்று அதைச் செய்தவன் நம்பியிருக்கிறான். ஒழுங்கைக்குள் அது நுழைந்தபோது அயல் முழுவதும் வேலியில் நின்றது.

மாமி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நேந்தால் இரும்பு வந்து நிக்குது" என்றார்.

அவர் தாயைத் தாண்டி நடந்தார். குசினிக்குள் வந்து என்னிடம் சொன்னார்: "பிள்ளை இருந்தால் வீட்டில இருப்பம். இல்லையெண்டால் ஊரையாவது பாப்பம். சித்திரைக்கு நுவரெலியா போவம். நீர் குளிரெண்டால் என்னெண்டே அறியமாட்டீர்."

உண்மைதான். நான் கந்தளாய்க்கு அப்பால் போனதில்லை. அந்த நேரத்தில் அவர் சந்திரனுக்குப் போவோம் என்று சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அன்றிலிருந்து வீடு பட்டறையாயிற்று. கடலுக்குப் போகிற இயந்திரங்களோடு காலம் கழித்த மனுசன் அவர். நடுக்கடலில் கடை இல்லை என்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். கிளச் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்று புதுக் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு, நுனிகளில் ஒட்டு ரேப் சுற்றிவைத்தார். அறுந்தால் இதை மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். பிளக்குகள், செயின் கண்ணிகள், ரியூப், ஒட்டுகிற பசை எல்லாம் சேர்ந்தன. ஹெட்லைட் பல்புக்குப் பஞ்சு சுற்றி, பால்மாப் பேணிக்குள் படுக்கவைத்து, அந்தப் பேணிக்கும் ஒரு துணிப்பை தைக்கச் சொன்னார். "மாத்தளையில மழை பிடிச்சால்?" என்று சோற்றில் கையை வைத்தபடி கேட்பார். நான் வாயைத் திறக்குமுன் பதிலும் அவரே சொல்லிவிடுவார்.

எனக்குச் சீலையோடு அந்த மெத்தையில் இருக்க ஏலாது. கால்களை இரண்டு பக்கமும் போட்டுத்தான் இருக்க வேண்டும். கல்யாணமான பெண் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு வீதியில் போனால் எங்கள் ஊர் ஒரு மாதத்துக்கு வேறு கதை கதைக்காது. தம்பிக்கு என்று பொய் சொல்லித் தைக்கக் கொடுத்தேன். தையல்காரர் அளவைப் பார்த்துவிட்டு, "தம்பி வஞ்சகமில்லாமல் சாப்பிடுவார் போல" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. எனக்கு வீடு வந்து சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு கம்பளிச் சட்டைகளும் கிடைத்தன. பங்குனி வெயிலில் அவற்றைப் போட்டுப் பார்த்து, வியர்த்து வழிந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்கத்துக்காகக் கண்டி வீதியில் கப்பல்துறை வரை போய்வந்தோம். வளைவில் வண்டி சாயும்போது நான் பயத்தில் மற்றப் பக்கம் சாய்ந்துவிடுவேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்.

"நீர் மூட்டை மாதிரி இரும். மூட்டை யோசிக்கிறதில்லை. வண்டி சாய்ஞ்சால் தானும் சாயும்."

"மூட்டைக்கு உயிர்ப்பயம் இல்லை. எனக்கு இருக்கு."

பிறகு பிறகு மூட்டையாக இருக்கப் பழகிவிட்டேன். காது இரைய, கண்ணில் தண்ணீர் வர, அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போன அந்தக் காலை நேரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பிள்ளை இல்லாவிட்டாலும் இப்படியே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மாமியும் மனம் இறங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்லைட்டில் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். மூட்டையும் கட்டியாயிற்று. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் புறப்படுவதென்று இருந்தோம்.

வருஷப்பிறப்புக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நாள் தள்ளிப்போனது, காலையில் தலை சுற்றியது. மூன்று மாதம் முடியுமுன் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம்தான். ஆனால் இவருக்குச் சொல்லாமல் எப்படி மலையேறுவது? அன்று கிண்ணியாத் துறையடி வரை போயிருந்தோம். அக்கரைக்குப் போக வாகனங்கள் காத்து நின்றன. அவர் கடுகண்ணாவை வழி நல்லதா, மாத்தளை வழி நல்லதா என்று ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார்.

"இஞ்சருங்கோ," என்றேன். "இந்த மூட்டைக்குள்ள இன்னொரு மூட்டை இருக்கு போல."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. என் தலையில் கையை வைத்தார், சனங்கள் நிற்கிற இடமென்றும் பாராமல். திரும்பி வரும்போது வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப்போனார்.

அன்று பின்னேரமே பிளக்குகளைக் கழற்றி, துருப்பிடிக்காமல் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, வண்டியைப் படங்குத் துணியால் மூடிக் கட்டிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. நுவரெலியா அங்கேயேதான் இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தப் பிள்ளை வேண்டும், அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

ஆனால் அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு ஆயத்தமும் நடக்கவில்லை. மாதம் ஏற ஏற எனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் மாமியிடம் சொன்னேன்: "மாமி, பழைய வேட்டி ரெண்டு கிழிச்சுத் தோய்ச்சு வைப்பமே? புதிசு வேண்டாம், பழசுதானே."

"வாயைப் பொத்து பிள்ளை. அந்தக் கதையே கதைக்காதை" என்று மாமி கையைக் கூப்பினார். கோபத்தில் இல்லை, பயத்தில்.

அவரிடம் கேட்டேன். அறுபடாத கேபிளுக்கு மாற்றுக் கேபிள் ஓடவிட்ட மனுசன் தலையைக் குனிந்துகொண்டு, "இந்த முறை மட்டும் அம்மா சொல்லுறதைக் கேப்பமே" என்றார். இந்த முறை மட்டும் என்றுதான் எல்லாவற்றுக்கும் பயந்தோம். எனக்கும் பயம்தான். இல்லாவிட்டால் நானே கிழித்திருப்பேன்.

ஐப்பசியில், நாளுக்கு வெகு முன்னதாக, ஒரு விடியற்காலை வலி கண்டது. வெளியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அயல்வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், வெறுங்கையோடு. கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை. வெயில் ஏற வேண்டிய நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முதுகு. அழுதாள். சின்னச் சத்தம்தான், ஆனால் அழுதாள். என் மூன்று பிள்ளைகளில் நான் கேட்ட குரல் அவள் ஒருத்தியுடையதுதான்.

நேர்ஸ் அவளைப் பஞ்சால் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அம்மா, துணி எங்க? பிள்ளையைச் சூடா வைக்க வேணும்."

"இல்லை" என்றேன்.

"வெளியில ஆரும் வைச்சிருக்கினமோ?"

"ஒருத்தரிட்டையும் இல்லை, மிஸ்."

அவர் என்னை ஏசவில்லை. இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. மழையில் வார்ட்டுத் துணிகள் ஒன்றும் காயவில்லை என்று சொல்லிவிட்டு, என் கணவரை வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவரச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாப் பெண் ஒருவர், பிறந்த ஆண் குழந்தையோடு படுத்திருந்தார். அவர் வீட்டிலிருந்து அப்போதுதான் பழைய சீலையைக் கிழித்து மடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் பாதியை எடுத்து நீட்டினார். "யோசிக்காதீங்க, வாங்குங்க. எல்லாம் புள்ளைகள்தானே" என்றார். என் மகளை அந்தப் பிள்ளையின் துணியால் சுற்றி என் நெஞ்சில் வைத்தார்கள். அவளுடைய மூச்சு என் கழுத்தில் பட்டது. டொக்டர் வந்து பார்த்தார், போனார், மீண்டும் வந்தார்.

என் கணவர் திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். வீட்டில் மாமி தன்னுடைய நல்ல வெள்ளைச் சீலையை அழுதழுது கிழித்துக் கொடுத்திருக்கிறார். அதை மழைத்தாளில் சுற்றி, சட்டைக்குள் வைத்து, ஒரு சொட்டு நனையாமல் கொண்டுவந்திருந்தார். நேர்ஸ் துணியைக் கையில் வாங்கினார். பிள்ளை அதற்குச் சற்று முன்புதான் மூச்சை விட்டிருந்தாள். அந்தத் துணியாலும் அவளைச் சுற்றினார்கள். கிண்ணியாப் பெண் தன் துணியைத் திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எல்லாவற்றோடும் அவளை என் கணவர் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

துணி இருந்திருந்தாலும் பிள்ளை தப்பியிருக்காது, சுவாசப்பை விளையவில்லை என்று டொக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். என் ஆத்திரம் அதுவல்ல. பார்த்தேயிராத ஒரு மலைக்கு நாங்கள் பல்பைப் பஞ்சில் சுற்றிவைத்தோம். உயிரைக் கொடுத்து எதிர்பார்த்திருந்தவள் வந்தபோது, யாருமே தன்னை எதிர்பார்க்காத இடத்துக்கு வந்தவள்போல வந்தாள். ஒரு நாள்கூட முழுதாக இல்லை அவளுக்கு. இருந்த நேரத்தை இரவல் துணியில் கழித்தாள்.

நான் வீட்டுக்கு வந்த அன்று மாமி எனக்கு மல்லித்தண்ணி வைத்துக் கொண்டுவந்தார். அழுது அவர் முகம் வீங்கிப்போயிருந்தது. என் பக்கத்தில் இருந்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஒண்டும் வாங்கி வைக்காதது நல்லதாப் போச்சு, பிள்ளை. வைச்சிருந்தால் இப்ப அதைப் பாத்துப் பாத்தெல்லோ அழுதுகொண்டிருப்பாய்."

அன்பாகத்தான் சொன்னார். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணூறு என்பதெல்லாம் வெறும் சாட்டு. வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறவளின் கண்ணில் ஒன்றும் படக்கூடாது என்று, முன்பொரு நாள் அப்படித் திரும்பி வந்த எவளோ ஒருத்தி நினைத்திருக்கிறாள். என்னைப்போல இன்னொருத்தி அழக்கூடாது என்றுதான் நினைத்திருப்பாள், பாவம்.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்தேன், கட்டிலுக்குக் கீழே குனிந்தேன், கொடியில் கிடந்த எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்தேன். மாமி பயந்துபோய், "என்ன பிள்ளை தேடுறாய்?" என்று கேட்டார்.

"பாத்து அழுறதுக்கு ஒண்டுமே இல்லையே, மாமி" என்றேன்.