கடைசி முகூர்த்தமும் மூச்சு முட்டிய கரி பஸ்ஸும்

பிள்ளைகளா, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு பெட்ரோல் பஸ்ஸில் போகிற உங்களுக்குக் கரி பஸ் என்றால் என்னவென்று தெரியாது. யுத்த காலத்தில் பெட்ரோல் ரேஷன் ஆனபோது, பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையை மாட்டிவிட்டார்கள். அதற்குள் அடுப்புக்கரி எரியும். அதிலிருந்து வருகிற வாயுவில் என்ஜின் ஓடும். வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் ஒரு மிடறு பெட்ரோல். அப்படியொரு பஸ்ஸை வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு நான் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

அன்று ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். வத்தலக்குண்டில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை மொத்தமாகப் பேசி, வெள்ளனே ஏறிவிட்டார்கள். பெண் வீடு கோடைக்கானலில். உச்சிப்பொழுதுக்கு முன் தாலி கட்ட வேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும். மாப்பிள்ளையோ பட்டாளத்துக்காரர். லீவு முடியப் போகிறது. திரும்பிப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாத காலம் அது.

மலை அடிவாரம் வரை பஸ் நன்றாகத்தான் ஓடியது. அங்கே நிறுத்திக் கரி நிரப்பினோம். நானும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு வருவதற்குள், கல்யாணக்காரர்கள் உருளைக்கு மாலை போட்டுப் பொட்டும் வைத்திருந்தார்கள். புது அடுப்புக்குப் பொட்டு வைக்காமல் பற்றவைக்க மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ஏற்றம் தொடங்கியதும் வண்டி இழுக்க மறுத்தது. எவ்வளவு மிதித்தாலும் செருமியதே தவிர வேகம் பிடிக்கவில்லை. ஊத்து என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் ஆண்கள் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். நடந்தவர்கள் எங்களை முந்திப் போய், அடுத்த வளைவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டிரைவரே, பையப் பைய வாங்க. எங்களுக்கு ஒண்ணும் சோலி இல்ல!" என்றார் ஒரு பெரியவர்.

பிறகு தள்ளவும் ஆரம்பித்தார்கள். வண்டி பின்னால் உருளாமல் இருக்க, நிற்கிற இடத்தில் எல்லாம் டயருக்குக் கல் கொடுத்தார்கள். மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்.

"ஏலே மாப்ளே, பீரங்கி தள்ளுன பழக்கமா? வெரசாத் தள்ளு, பொண்ணு மாலையோட நிக்கிது!" என்று கூட்டத்தில் ஒருவர் கூவினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் வானத்தைப் பார்த்தேன். சூரியன் ஏறிக்கொண்டே இருந்தான்.

பெருமாள்மலைக்குக் கீழே வண்டியை நிறுத்தி முறையாகப் பார்க்கத் தொடங்கினேன். கரி மலைப் பனியில் நனைந்திருக்குமோ என்று ஒரு துண்டை ஒடித்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. சாம்பலை உலுக்கிக் கொட்டினேன். வாயுவை வடிகட்டுகிற பெட்டியைத் திறந்து தேங்காய் நாரை உதறிப் போட்டேன். குழாய் மூட்டுகளை இறுக்கினேன். ஒன்றிலும் குறையில்லை. உருளையின் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கரி நிறைய இருந்தும் நெருப்பு மங்கிக் கிடந்தது. நெருப்புக்குக் காற்று போகவில்லை.

காற்றை உள்ளே இழுக்க உருளையின் அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதன் வாய் தரையைப் பார்த்து இருக்கும்.

"ஒரு ஊதுபத்தி கொளுத்திக் குடுங்க" என்றேன்.

மாப்பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த அத்தை, சீர்த்தட்டிலிருந்து எடுத்துக் கொளுத்திக் கொடுத்தார். "பூசை போட்டா ஓடுமா தம்பி?" என்று கவலையோடு கேட்டார்.

என்ஜினை ஓடவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஊதுபத்தியை அந்தக் குழாயின் வாயில் காட்டினேன். புகை உள்ளே இழுபட வேண்டும். ஆனால் அது குழாயைத் தழுவிக்கொண்டு மேலே போனது. விரலை விட்டேன். சுருட்டிய வெற்றிலையை வைத்துச் சந்தனத்தை அப்பி அடைத்திருந்தது. சூட்டில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது.

"என்ன தம்பி, புகை வந்த ஓட்டையிலயா கோளாறு?" என்று அத்தையின் குரல் கேட்டது. கேட்டதும் அவருக்கே விளங்கிவிட்டது போலும், கால்கள் இரண்டடி பின்னால் போயின. பஸ் நிற்கும்போது அந்தக் குழாயில் புகை கசியும். பட்டுப் புடவைகள் வீணாகாமல் இருக்க, அடிவாரத்தில் நாங்கள் டீ குடித்த நேரத்தில் அவர் அடைத்திருக்கிறார். இதை நான் உரக்கச் சொன்னால், முகூர்த்தம் தவறினாலும் தவறாவிட்டாலும், அந்த அம்மாளைச் சொந்தக்காரர்கள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

திருப்புளியால் நோண்டி எடுத்து, சந்தனத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "ரோட்டுப் புழுதி அடைச்சிருந்துச்சுங்க. எடுத்தாச்சு. ஏறுங்க!" என்றேன்.

கண்டக்டர் உருளையோடு இருந்த ஊது விசிறியின் கைப்பிடியைச் சுற்றினார். நெருப்பு மூச்சு வாங்கிச் சிவந்தது. சற்று நேரத்தில் என்ஜினின் செருமல் நின்று தொண்டை திறந்தது. மிதித்தேன். வண்டி பாய்ந்தது. கல்யாணக் கூட்டம் போட்ட கூச்சலில் செண்பகனூர் மரத்துக் குரங்குகள் எல்லாம் ஓடிவிட்டன.

பந்தலில் மேளக்காரர் எங்களைப் பார்த்ததுமே வாசிக்கத் தொடங்கிவிட்டார். எல்லோரும் உள்ளே ஓட, அத்தை மட்டும் கடைசியாக இறங்கினார்.

"புழுதின்னீகளே தம்பி" என்றார் மெல்ல.

"சந்தனம் ஒசத்தி ரகம்ங்க, அசைய மாட்டேன்னுருச்சு" என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது. அதற்குள் கெட்டிமேளம் கேட்க, "ஐயோ, தாலி!" என்று ஓடினார்.

கோளாறைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை யார் காதில் போடுவது, யார் காதில் போடாமல் விடுவது என்பது இன்னொரு வேலை. இரண்டாவதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், இன்றுவரை அது வண்டிக்கு வெளியேதான் அதிகம் உதவியிருக்கிறது.

கண்டக்டர் இரண்டாவது பந்திக்கும் உட்கார்ந்துவிட்டார். கல்யாணக்காரர்கள் மறுநாள்தான் திரும்புவார்கள் என்பதால், நான் வயிறார உண்டுவிட்டுக் காலி பஸ்ஸோடு தனியாக மலை இறங்கினேன். கீழே வளைவுகளில், காலையில் டயருக்குக் கொடுத்த கற்கள் ரோட்டின் நடுவிலேயே கிடந்தன. சந்தோஷ அவசரத்தில் யாருக்கும் நினைவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, அவற்றை உருட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு, அடுத்த வளைவுக்குப் போனேன்.